கிளைடின் பொத்தான்கள்

வெர்னன் தட்டிலிருந்து ஒரு பொத்தானை எடுத்துத் திருப்பிப் பார்த்ததும், ரோவினா அப்பாவின் சவப்பெட்டியை விட்டு மேசைப் பக்கம் வந்து நின்றாள். அப்பாவை யாரும் திருடப்போவதில்லை.

முப்பது வருஷமாக வர்ஜீனியாவின் சோளக்காடுகளில், உலோகம் தேடும் கருவியோடு அலைந்து, உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களின் சீருடைப் பொத்தான்களைத் தோண்டிச் சேர்த்தவர் அவள் அப்பா கிளைட். அம்மாவுக்கென்று அவர் விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். உயிரோடிருந்தவரை அவை இருந்த அறைக்குள் அவர் அம்மாவை விட்டதில்லை. இன்று அஞ்சலிக்கு வருகிறவர்கள் பார்க்கட்டுமென்று அம்மாதான் வெல்வெட் விரித்துப் பரப்பியிருந்தாள்.

அப்பாவோடு கூடத் தோண்டிய வெர்னன் பொத்தானை வைத்துவிட்டு, இன்னொரு கூட்டாளியான டேலைப் பார்த்தார். டேல் தன் தொப்பியைப் பார்த்தார். கண்ணாலேயே பங்கு பிரிக்கிறான்கள்.

"பாத்துட்டீங்கல்ல அங்கிள்? கையை எடுங்க."

"காலேஜ் போனதும் வாய் நீண்டுருச்சு உனக்கு. இதை யாருகிட்டயும் வெலை கேக்காதே கண்ணு."

"ஏன், நீங்களே அமுக்கிக்கவா?"

வெர்னன் அவளை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார். "யாரு துடைச்சது?"

"அம்மா. ரெண்டு நாளா உக்காந்து பாலிஷ் போட்டாங்க. அதுக்கென்ன?"

"நூத்தறுபது வருஷம் மண்ணுல கெடந்து ஏறின பச்சை அது. அதுக்குத்தான் வெலையே. உரிச்சாச்சு. பொத்தான் மேல பொறிச்சிருந்த கழுகுக்கு இப்ப மூஞ்சியே இல்ல. இனி எவனும் தொடமாட்டான். வெலை கேக்கப் போனா உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுரும்."

ரோவினாவுக்கு ஆத்திரமெல்லாம் பெட்டியில் படுத்திருந்தவர் மேல் திரும்பியது. கூடக் குடித்தனம் பண்ணினவளிடம் 'துடைக்காதே' என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை.

அம்மா வந்தாள். "எப்படி இருக்கு வெர்னன்? சோம்பேறி மனுஷன், ஒருநாள் துடைச்சதில்ல."

"இப்படி மின்னி நான் பாத்ததே இல்ல, ஃபே."

டேல் இருமினார்.

"இது ஒண்ணு அவர் கோட்டுப் பையில இருந்துச்சு. இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுது." அம்மாவின் ஒரு கையில் செம்மண் அப்பிய பொத்தான்; மறு கையில் பாலிஷ் துணி.

ஆண்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"குடும்மா, நான் துடைக்கறேன்."

கொடுத்தாள். ஆனால் போகவில்லை; மகளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரோவினா பொத்தானை உள்ளங்கைக்குள் தள்ளிவிட்டு, தன் கட்டைவிரல் நகத்தின் மேல் துணியை வைத்து அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள்.