யாரூட்டுச் சோறும் தின்னாத நாள்

“மெட்ராசு கவர்னரு எங்கூட்டுக்காரரு சொன்னதக் கேட்டுத்தான் உத்தரவு போடாம உட்டாரு. அத ஊரறிய ஒத்துக்காம இந்தப் பொணம் எந்திரிக்காதுங்க.”

பாடையின் மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாவாயி உட்கார்ந்துவிட்டாள். செத்துப்போன புருசன் சின்னையனைத் தூக்க நாலு பேர் போதும். அவளைத் தூக்க வெள்ளக்கடை ஊர் முழுசும் வந்தாலும் ஆகாது. யானை கட்டி இழுத்தால் யானைக்குத்தான் இடுப்பு பிடிக்கும். பறையடிக்கிறவர்கள் குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

“உடு பாவாயி,” என்றான் சித்தன். சின்னையனின் அண்ணன்; எஸ்டேட்டில் காவல்காரன். “செத்தவன் எத்தனையோ சொன்னான். புலிக்குப் பேன் பாத்தேன்னுகூடத்தான் சொன்னான்.”

“புலி கெடக்குது மாமா. இதச் சொல்லுங்க.”

பத்து வருசத்துக்கு முந்தைய சங்கதி அது. எஸ்டேட்டுக் காப்பிச் செடிகள் தண்டுப்புழு விழுந்து வரிசை வரிசையாக வாடின. புழு மலையாட்களின் தோட்டத்திலிருந்துதான் வருகிறது, அவர்கள் செடியையெல்லாம் வேரோடு பிடுங்க உத்தரவாக வேண்டும் என்று துரைமார் எழுதிப் போட்டார்கள். கவர்னருக்குக் காப்பி குடிக்கத் தெரியும், புழுவைப் பற்றி என்ன தெரியும்? செடியும் பூச்சியும் படித்தவர்களின் சபை ஒன்றிடம் யோசனை கேட்டார். சபை மூன்று பேரை மலையேற்றியது.

அந்த மூன்று பேரைப் போல ஆட்களை மலை கண்டதில்லை. பங்களாவில் படுக்கமாட்டோம் என்று கூடாரம் அடித்தார்கள். துரை அனுப்பிய வறுத்த கோழி, ஆவி அடங்குவதற்குள் திரும்பிப் போனது. சின்னையன் தூக்கிக்கொண்டு போன பலாப்பழமும் அப்படியே திரும்பி வந்தது. அவமானத்தில் குமுறிக்கொண்டு வந்தவன், துரையின் பிராந்திப் பெட்டியும் மலையேறித் திரும்புவதைப் பார்த்துவிட்டு வழியில் உட்கார்ந்து சிரித்தானாம். யார் சோற்றைத் தின்றாலும் நாக்கு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்று அவர்களுக்குப் பயம்.

அப்போதுதான் சின்னையன் கேட்டானாம்: “பேசி என்னங்க ஆவுது? எஞ்செடியில ஒண்ணு, துரை செடியில ஒண்ணு அறுத்துப் பாக்கலாமுங்களே?” ஒன்று போதாது, இருபது இருபதாக அறுக்க வேண்டும் என்றார்களாம் படித்தவர்கள். காய் பிடித்து நின்ற இருபது செடியைத் தன் கையாலேயே அறுத்தானாம். அப்புறம், புழு மலையாட்கள் தோட்டத்திலிருந்து வரவில்லை என்று சபை எழுதிக் கொடுக்க, உத்தரவு வரவேயில்லை, செடிகள் பிழைத்தன.

எல்லாம் ‘னாம்’தான். பாவாயி அப்போது தங்கச்சி பிரசவத்துக்கு நாகலூர் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவள் கண்டது இருபது அடிக்கட்டை மட்டும். அடுப்புக்கு வெட்டியிருப்பான் என்று பத்து வருசமாகச் சித்தன் சிரித்துக்கொண்டிருந்தான்.

சிரிக்கிற நாள் இன்றோடு முடிந்தது. மலையாட்களின் செடியைப் பிடுங்கச் சொல்லிப் புதுத்துரை மறுபடியும் எழுதுகிறார். விடிந்ததும் விடியாததுமாக, துக்கம் கேட்கிற சாக்கில் எஸ்டேட்டுக் கணக்கெழுதும் ரைட்டர் மாதப்பன் குடையும் காகிதமுமாக வந்து நின்றான். எஸ்டேட்டுச் செடியை யாரும் அறுக்கவே இல்லை, அந்த மூன்று பேரும் கூடாரத்தில் படுத்துக்கொண்டே எழுதினார்கள் என்று சித்தன் கைநாட்டு வைத்தால் போதும். வைக்காவிட்டால் காவல் வேலையும் லயத்து ஊடும் போகும். அந்தப் பேச்சு சுவருக்கு இந்தப் பக்கம் பாவாயி காதில் விழுந்துவிட்டது.

“ஏனுங்க, மழை வலுக்குதுங்க,” என்றான் ரைட்டர். “கருமத்த முடிச்சுப்போட்டு அப்புறம் பேசிக்கலாம்.”

“குடைக்குள்ளதான நிக்கறீங்க? செத்த நேரம் நில்லுங்க.” பாவாயி சித்தன் பக்கம் திரும்பினாள். “மாமா, பத்து வருசமா நான் உங்கள ஒரு வார்த்த கேட்டனா? எஸ்டேட்டு அரிசியில சோறு திங்கறீங்க, கேக்கப்புடாதுன்னு இருந்தேன். எங்கூட்ல களி தின்ன அன்னிக்கும் கேக்கல. கேட்டாலும் எஞ்சோத்துக்குச் சொன்னதாயிருக்கும்.”

சித்தன் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டான்.

“நேத்து வெளக்கு வெக்கற நேரத்துல உங்க தம்பி போனாரு. எழவூட்ல அடுப்பு எரியல. பங்காளிக யாரும் பச்சத்தண்ணி தவிர தொடல. இன்னிக்கு நீங்க யாரூட்டுச் சோறும் திங்காம நிக்கறீங்க. பொணம் போயி அடுப்பு பத்த வெச்சுட்டா நாளைக்கு யாராவது ஒருத்தர் சோத்தத் திங்கோணும். இப்பச் சொல்லுங்க.”

ரைட்டரின் குடைக்கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சித்தன் தம்பியின் முகத்தைப் பார்த்தான். தாடைக்கட்டையும் மீறி வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அடுத்த புளுகை யோசிக்கிறவன் மாதிரியே இருந்தது.

“எஸ்டேட்டுச் செடி இருபதுக்கு இருபதும் புழுன்னு சொல்லுவான்,” என்றான் சித்தன். “அவஞ் செடியில ஒண்ணுகூட இல்லேம்பான்.”

“ஆமாங்க.”

“அது பொய்யி.”

மூங்கிலில் பாவாயியின் விரல்கள் இறுகின.

“எஸ்டேட்டுச் செடிய அறுத்தது நானு. மூணு பேரும் பக்கத்துல குந்தியிருந்தாங்க.” அவன் பாவாயியைப் பார்த்துச் சொல்லவில்லை, குடையைப் பார்த்துச் சொன்னான். “நெழல் மரத்தையெல்லாம் வெட்டிப்போட்டு வெயில்ல நின்ன செடிங்க. இருபதுல பதினேழுல புழு ஓட்டை. இவன் பலாமரத்தடிச் செடியில மூணு. அந்த மூணையும் சேத்து எழுதிக்குங்க ரைட்டரே.”

பாவாயி மூங்கிலை விட்டாள். சித்தன் கம்பளியை உதறித் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, அவள் பிடித்திருந்த பக்கத்துக்கே வந்து குனிந்தான்.