கேப்டன் உயிரோடு வந்த மத்தியானம்

தொடர் முடிந்து விளம்பரம் ஓடத் தொடங்கிய பிறகும் தையல்காரி டிவியையே முறைத்துக்கொண்டிருந்தாள். மடியில் பாதி தைத்த திரைச்சீலை கிடந்தது.

"பாத்தீங்களா அண்ணி, கேப்டன் உயிரோட வந்துட்டான்!" நாத்தனார் சோபாவிலிருந்து துள்ளினாள். பஸ் ஓட்டுகிறவள், காலை ஷிஃப்ட் முடித்து வந்தவள் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"எப்படிடி வருவான்? ஆஸ்பத்திரியில அவ கையைப் பிடிச்சுக்கிட்டேதானே செத்தான்?"

"அது இவன் இல்லையாம். முகத்தை மாத்தி வச்ச வேற ஆளாம்."

"கட்டின பொண்டாட்டிக்குப் புருஷன் கை தெரியாதா?"

நாத்தனார் சிரித்தாள். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

தொடரில் கேப்டன் செத்த அதே மாதம்தான் அவள் கணவரும் போனார். எலக்ட்ரீஷியன். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. யார் யாரோ வந்து ஆறுதல் சொன்னார்கள். அவள் மரக்கட்டை மாதிரி இருந்தாள். ஒரு நாள் டிவியில் கேப்டனின் மனைவி அலமாரியைத் திறந்து அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தையல்காரி எழுந்து போய்த் தன் அலமாரியைத் திறந்தாள். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அந்த மனைவி வேலைக்குக் கிளம்பியபோது இவளும் மெஷினில் உட்கார்ந்தாள். அவள் சிரித்த அன்று, நாமும் சிரித்தால் தப்பில்லை என்று தோன்றியது.

அந்த அழுகையெல்லாம் முன்பின் தெரியாத எவனுக்கோவாம்!

டிவிக்காரர்களுக்கே ஃபோன் போட்டாள். "அப்போ அடக்கம் பண்ணது யாரை?"

"உங்க கருத்துக்கு நன்றி மேடம்" என்று ஒரு பெண் இனிமையாகச் சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

"விடுங்க அண்ணி, கதைதானே."

"நம்ப வச்சுக் கழுத்தை அறுத்துட்டாங்கடி."

நாத்தனாரின் முகம் வாடியது. "எப்படி வந்தான்னு எனக்குக் கவலை இல்லை. கதையிலயாவது ஒருத்தன் வீட்டுக்குத் திரும்பி வரட்டுமேன்னு இருக்கு."

போனவர் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

மறுநாள் தொடர் நேரத்துக்குத் தையல்காரி மெஷினை உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கூடத்தில் தொடரின் பாட்டு கேட்டது, பேச்சு கேட்டது, திடீரென்று சத்தமே இல்லை. நாத்தனார் வாசற்படியில் வந்து நின்றாள்.

"அவனுக்குப் பழசெல்லாம் மறந்துபோச்சாம். தங்கச்சி ஓடிவந்து கட்டிப்பிடிச்சா, 'நீங்க யாரு'ன்னு கேக்கறான்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அண்ணன் என்னை மறந்துருவாரா அண்ணி?"

"உன்னையா? என்கூடச் சண்டை போட்டாக்கூட, 'என் தங்கச்சியா இருந்தா'ன்னுதான் ஆரம்பிப்பார்."

நாத்தனார் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். திரைச்சீலைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து இருவரும் பொழுது சாயும்வரை அவரைப் பற்றியே பேசினார்கள். இனி அந்தக் கருமத்தைப் பார்ப்பதில்லை என்று முடிவும் செய்தார்கள்.

அடுத்த நாள் அந்த நேரத்துக்கு வீடு வெறிச்சென்று கிடந்தது. கேப்டனின் மனைவியை நினைத்தபோதுதான் தையல்காரிக்குப் பாவமாக இருந்தது. அவளையும் சேர்த்துத்தானே ஏமாற்றியிருக்கிறார்கள்.