கொழுந்துக்குள் இருந்த கொப்பி

தேயிலைத் தோட்டத்தில் அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரம். யூஜினா தன் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டியதும், கணக்கப்பிள்ளை செல்லசாமி உள்ளே கையை விட்டுத் துழாவினார். முற்றின இலை இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். அன்றைக்குக் கையில் வந்தது பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு பாடக் கொப்பி.

"மத்தவங்க தண்ணி தெளிச்சு நிறை ஏத்துவாங்க. நீ கொப்பி வச்சு ஏத்துறியாம்மா?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

எட்டாம் வகுப்போடு கொழுந்தெடுக்க வந்தவள் யூஜினா. தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கப் போகிறார்கள், சாதாரண தரப் பரீட்சை பாஸாகியிருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து, மாதா கோயில் மண்டபத்தில் நடக்கும் விஜிதரன் மாஸ்டரின் மாலை வகுப்புக்குப் போகிறாள். மூன்று மாதமாயிற்று. முப்பத்தெட்டு வயதில், பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், முழங்கால் இடிக்கிற பெஞ்சில். லயத்து வீடுகளில் கேட்டவர்களிடமெல்லாம் ஜெபக்கூட்டம் என்றுதான் சொல்லியிருந்தாள். மகள் டெல்சிக்கு மட்டும் விஷயம் தெரியும்.

வேலை முடிந்து நேரே வகுப்புக்குப் போவதால், கொப்பியைக் கூடையின் அடியில் வைத்து, நிறுக்குமுன் எடுத்துவிடுவாள். இன்று மழை அவசரத்தில் கூடையை அப்படியே சாக்குக்குள் கவிழ்த்துவிட்டாள்.

"இல்லீங்க ஐயா. அது டெல்சியோட கொப்பி. எப்பிடியோ விழுந்துருச்சு."

டெல்சி அங்கேதான் நின்றாள், தாய்க்கு மாற்றுச் சட்டையும் போத்தலில் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு.

செல்லசாமி கொப்பியைப் பிரித்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனை.

"என்ன பாப்பா, பின்னத்துல பத்துக்கு ரெண்டா? நீ வகுப்புல முதலாம் பிள்ளைன்னாங்களே."

"எழுத்தப் பாருங்க, கோழி கிண்டின மாதிரி," என்று வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தாள் வீரம்மா. "மக்குப் புள்ளையத்தான் இவ இத்தன நாளா பீத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கா. என்ன யூஜினா?"

"ஆமாக்கா. படிப்பே ஏற மாட்டேங்குது."

டெல்சி தாயை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, "என்னோடதுதான், குடுங்க," என்று வாங்கிக்கொண்டாள்.

ஒற்றையடிப் பாதையில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏம்மா என் பேரச் சொன்னீங்க?"

"வாயில வந்துருச்சு பாப்பா."

"பேரச் சொன்னது பரவால்ல. மக்குன்னாங்க. நீங்களும் தலையாட்டுனீங்களே."

யூஜினா நின்றுவிட்டாள். அட்டை கடித்த காலோடும் பசியோடும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது இவளை நல்லபடி வைக்கத்தான். தன் வெட்கத்தை மூட இவளையே எடுத்துப் போர்த்திக்கொண்டாளே.

அவள் திரும்பி மேலே ஏறினாள்.

"மண்டபம் இந்தப் பக்கம்மா."

"தெரியும். வா."

கடைசிச் சாக்கு தராசில் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் இன்னும் கலையவில்லை.

"ஐயா, அந்தக் கொப்பி என்னோடது. அதுல இருக்கிற பிழையெல்லாம் நான் விட்டது. பரீட்சைக்குப் படிக்கிறேன். என் புள்ள நல்லாத்தான் படிக்குது."

வீரம்மாதான் கேட்டாள்.

"அப்ப ஜெபக்கூட்டம்?"

"அதுவும் பொய்தான்க்கா."

சிரிப்பு எழுந்தது. யூஜினா தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைமடுவத்துக்கா?" என்றாள் வீரம்மா. "எம் பேத்தியையும் அங்கதான் விடணும். சாயங்காலம் புள்ளைங்கள எண்ணிக் குடுக்கிற அளவுக்காவது கணக்குப் படிச்சுட்டு வா."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை செல்லசாமியும் சேர்ந்துகொண்டார்.

வகுப்பு தொடங்கியிருக்கும். மண்டபத்து வாசலில் டெல்சி சட்டையையும் போத்தலையும் நீட்டினாள். யூஜினாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏழாவது கணக்குல பின்னத்தோட கீழ் எண்ணையும் சேத்துக் கூட்டிட்டீங்க," என்றாள் டெல்சி, கொப்பியைக் கொடுத்துக்கொண்டே. "அதான் பிழை."

"சரி," என்றாள் யூஜினா, குனிந்தபடியே.