சத்தம் போடாத கியூ

என் மனைவி விஜயகலா மத்தியானத்தில் பில்லியர்ட்ஸ் ஆடுவாள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும், நான் காத்திருக்கிறேன். அவள் ஆடுவதைப் பார்த்தவர்கள் எங்கள் தோட்டத்தில் யாரும் சிரித்ததில்லை.

அவளுக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்கவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டவும் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அதற்கு அடுத்த அறையில்தான் மேசை கிடக்கிறது. கரவனெல்லைப் பக்கம் ஒரு சுற்றுலா பங்களாவை மூடியபோது அதன் முதலாளி எங்கள் இளைஞர் கழகத்துக்குக் கொடுத்த மேசை. துணிக்கு அடியில் கல் பலகை. லொறியில் இருந்து இறக்கியவர்கள் அந்த அறை வரைக்கும் சுமந்துவிட்டு, இதற்கு மேல் ஓரடி நகர்த்த மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். இளைஞர்கள் கொஞ்சக் காலம் ஆடினார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனார்கள். மேசை என் மனைவிக்கு மிஞ்சியது.

பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கியதும், கூட வேலை செய்யும் சின்னம்மாக்கா தொட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வார். அந்த நேரம்தான் கலாவின் நேரம். விடிந்ததில் இருந்து இருட்டும் வரை அவளுக்கென்று இருக்கிற ஒரே நேரமும் அதுதான். ஆனால் நடுச்சுவரோ அரைச்சுவர். மேலே வெறும் கம்பி வலை. பந்து சத்தமாக மோதினால் பிள்ளைகள் எழுந்துவிடும். அதனால் அவள் மெல்ல அடித்தே பழகினாள். குழிகளுக்குள் பழைய பிள்ளைத் துணிகளை மடித்து வைத்தாள், பந்து விழுந்தால் மெத்தையில் விழுந்தது போல இருக்கும். மற்றவர்கள் பலத்தால் அனுப்பும் பந்தை அவள், அது போகும் வழியைக் கணக்குப் பார்த்து அனுப்புவாள். பந்து அவசரமே இல்லாமல் உருண்டுபோய், குழி விளிம்பில் ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே இறங்கும். நான் ரப்பர் ஃபெக்டரியில் ரோலர் மெஷினில் நிற்கிறவன். அந்த இரைச்சலில் நின்று நின்று எனக்கு மெல்லப் பேசவே வராது. இப்படி ஒரு மனுஷி என்னோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

வினை கியூவில், அதாவது பந்தை அடிக்கும் கம்பில், வந்தது. மேசையோடு வந்த கம்புகளில் ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. ஒருநாள் அதன் நுனித்தோல் கழன்று விழுந்துவிட்டது. கலா அதைக் கவனிக்காமல் அடித்தாள். பித்தளைப் பூண் வெள்ளைப் பந்தில் மோதி, மணி அடித்தது போலச் சத்தம் கேட்டது. ஒரு பிள்ளை வீரிட்டது. அதைக் கேட்டு மற்றதெல்லாம் எழுந்தன.

அன்றைக்கென்று பார்த்து தோட்ட ஆபீஸ் கிளாக்கர் யோகராஜ் அந்த வழியாகப் போனார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நன்றாகப் பில்லியர்ட்ஸ் ஆடுவார். மேசை, மேட்டிலே உத்தியோகத்தர்களுக்கான ஸ்டாஃப் கிளப்பில் இருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இப்போது அதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. பச்சைப் பிள்ளைகள் தூங்கும் இடத்தில் இந்த விளையாட்டு எதற்கு என்று தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போய்ச் சொன்னார். காரணம் நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தொரை புதிதாக வந்தவர், சின்ன வயசு, சிங்களத்துக்கு நடுவில் தமிழும் பேசுவார். அவரே இறங்கி வந்து கலாவைக் கேட்டார்.

"சத்தம் வருதுதானே?"

"கம்பு பழுதாகிடுச்சுங்க. அதுக்கு முன்னால ஒரு புள்ளகூட முழிச்சதில்லைங்க."

தொரை சிங்களத்தில் சரி என்று தலையாட்டினார். "ஹரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் வர்றேன். புள்ளைங்க தூங்கட்டும். நீங்க ஒரு ஆட்டம் முழுசா ஆடி முடிங்க. ஒரு புள்ள முழிச்சாலும் மேசை மேல கிளப்புக்குப் போகும்."

மேலே போனால் போனதுதான். ஸ்டாஃப் கிளப்புக்குள் லயத்து வீடுகளில் இருக்கும் எங்களைப் போன்ற ஆட்கள் வரக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் போவதில்லை. அன்றிரவு கலா சோறு போடும்போது, என் பேரில் விழுந்த சீட்டுப் பணத்தில் புதுக் கியூ வாங்குவோம் என்றேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். "சரிங்க" என்று உடனே சொல்லிவிட்டாள்.

மாவனல்லையில் நஸீம் நானாவின் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போகுமுன் நான் இரண்டு நாள் ஃபோனைக் கையை விட்டு இறக்கவில்லை. கியூ பற்றி உலகத்தில் எத்தனை வீடியோ இருக்கிறதோ அத்தனையும் பார்த்தேன். பஸ்ஸில் போகும்போதே கலாவுக்குப் பாடம் நடத்தினேன். மலிவுக் கம்பு விளக்குமாற்றுக்குத்தான் ஆகும், விலை கூடிய கம்பு இரத்தினபுரி மாணிக்க முதலாளிமாருக்கு, நமக்கு நடுத்தரம்தான் சரி, நடுத்தரத்தில் டார்விக் கம்பெனிக் கம்பை அடிக்க ஆள் இல்லை என்றேன். பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்து கேட்டுக்கொண்டு வந்தார். கலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நஸீம் நானா நடுத்தர விலையில் இரண்டைக் கண்ணாடி மேசையில் எடுத்து வைத்தார். டார்விக், மெல்ரோ.

"ரெண்டும் நல்ல சாமான்தான் தம்பி. வெலயிலயும் பெரிய வித்தியாசம் இல்ல. டார்விக் கார்பன் கம்பு, நுனி கடுசு. பலமா அடிக்கிறவங்களுக்கு அதுதான். மழைக்கும் ஒண்டும் ஆகாது. மெல்ரோ மரம், நுனித்தோல் மெது. பதமாப் பார்த்துக்கொள்ளணும்."

டார்விக் கறுப்பாக, மினுமினுவென்று, போலீஸ்காரன் மாதிரி விறைப்பாக இருந்தது. கைப்பிடியில் வெள்ளிக் கோடு. மெல்ரோ வெறும் மர நிறம். அதைப் பார்த்தால் யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"இதுல என்னா யோசனை, கலா? கறுப்ப எடு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல் நானாவைப் பார்த்தாள். "அடிச்சுப் பார்க்கலாமாங்க?"

கடையின் பின்பக்கம் ஒரு சின்ன மேசை இருந்தது. அதற்கும் உள்ளே சாமான் அறை, நடுவில் ஒரு திரை. கலா என்னைத் திரைக்குப் பின்னால் போய்த் திரும்பி நிற்கச் சொன்னாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கை தூக்க வேண்டும். நஸீம் நானா திரையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு என் கையைப் பார்த்துச் சொல்வார்.

புருஷன்காரனைக் கடைக்குக் கூட்டிவந்து சுவரைப் பார்க்க நிறுத்துவது என்ன முறை என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நின்றேன். டக். கை தூக்கினேன். டக். தூக்கினேன். கடைசியில் கையை இறக்கவே தேவைப்படவில்லை.

பிறகு அமைதியாகிவிட்டது. கம்பை மாற்றுகிறாள் போலிருக்கிறது என்று காத்திருந்தேன். கால் வலித்தது. சுவரில் ஒரு பல்லி, அதையும் எவ்வளவு நேரம் பார்ப்பது.

"இன்னும் தொடங்கலியா?" என்று குரல் கொடுத்தேன்.

"முடிஞ்சிட்டுது தம்பி, வாங்க" என்றார் நஸீம் நானா.

வந்து பார்த்தால் மேசையில் பாதிப் பந்துகள் இல்லை.

மெல்ரோவால் அவள் அடித்தது ஒன்றுகூட என் காதில் விழவில்லை. கலாவுக்கு அதுவும் போதவில்லை. ரோலர் மெஷினுக்குப் பழகிய என் காதை அவள் நம்பவில்லை. சாமான் அறையின் கோடியில் நஸீம் நானாவின் மனைவி மர்லியா ஜேர்சிகளை மடித்துக்கொண்டு இருந்தார். கலா அவரிடம் போய்க் கேட்டாள்.

"அக்கா, ஒங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?"

"மொதல்ல ஒரே டக்கு டக்குண்டு கேட்டிச்சி. பொறகு ஒண்டும் கேக்கல்ல." ஏன் கேட்கிறாள் என்று மர்லியா விசாரித்தார். கலா பிள்ளைக்காம்பராவைப் பற்றிச் சொன்னாள். மர்லியா மடித்த ஜேர்சியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு கணவரைப் பார்த்து, "மரக் கம்பையே கட்டுங்க" என்றார், ஏதோ தானே வாங்குவது போல.

நஸீம் நானா மெல்ரோவை உறையில் போட்டுக் கொடுக்கும்போது, "இத்தன வருஷமா கியூ விக்கிறேன் தங்கச்சி. எல்லாரும் பார்த்து எடுப்பாங்க, தூக்கி எடுப்பாங்க. கேட்டு எடுத்தவங்களை இண்டைக்குத்தான் பார்த்தேன்" என்றார். அந்த வார்த்தை எனக்கும் சேர்த்துச் சொன்னது போலச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் டார்விக்கை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் இருந்தே மழை. பால் வெட்டு இல்லை, ஃபெக்டரியும் ஓடவில்லை. கொழுந்துக்கு மட்டும் ஆள் போனார்கள். மத்தியானம் தொரை குடையை வாசலில் சாய்த்துவிட்டு வந்தார், பின்னால் யோகராஜ். சின்னம்மாக்கா தொட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலோரம் நின்றேன். "நீங்க வாயத் தொறக்கப்படாது" என்று கலா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

அவள் ஆட்டத்தைத் தொடங்கியதே ஒரு அழகு. மற்றவர்கள் பந்துக் குவியலை உடைப்பார்கள். அவள் ஓரப் பந்தை மட்டும் தட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தாள், பூத்தொடுக்கிறவர்கள் பூவைப் பிரிப்பது போல. ஒரு பந்து இறங்கியது. இன்னொன்று இறங்கியது. நடுவில் இரண்டு தரம் தவறியது. அதற்காக முகம் மாறவில்லை. சோக்குக் கட்டியைக் கியூ நுனியில் தடவிக்கொண்டு மேசையைச் சுற்றி வெறுங்காலோடு நடந்தாள். யோகராஜ் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் கையை அவிழ்த்துவிட்டுக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். ஆட்டம் தெரிந்தவர், அவரால் வேறென்ன செய்ய முடியும்.

கடைசியில் கறுப்புப் பந்து ஒன்றுதான் மிச்சம். அது ஒரு கோடியில், வெள்ளை மறு கோடியில். மழை ஈரத்தில் மேசைத் துணி கனத்துப் போயிருந்தது. அன்றைக்குப் பந்துகள் எல்லாம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் களைத்து நின்றன. மெல்ல அடித்தால் போய்ச் சேராது என்று எனக்கே தெரிந்தது. பலமாக அடிக்க வேண்டும். இதற்குத்தான் டார்விக் என்று சொன்னேன், கேட்டாளா என்று மனதுக்குள் பொருமினேன். வலைக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை சிணுங்கியது. சின்னம்மாக்கா தொட்டிலை ஆட்டினார்.

கலா காத்திருந்தாள். சிணுங்கல் அடங்கும் வரை கம்பு அவள் விரல்களுக்கு நடுவில் அசையாமல் நின்றது. பிறகு அடித்தாள். அவள் அவ்வளவு பலமாக அடித்து நான் பார்த்ததே இல்லை. மெல்ரோவில் இருந்து ஈரச் சாக்கைத் தட்டியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். வெள்ளை போய்க் கறுப்பை ஓரமாகத் தொட்டது. கறுப்பு ஊர்ந்தது. நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. குழி விளிம்பைத் தாண்டி, பிள்ளைத் துணிக்குள் இறங்கியது.

நான் கை தட்டினேன்.

யோசித்துச் செய்யவில்லை. ஃபெக்டரிக் கை, அதுவும் முழுப் பலத்தோடு. முதல் தட்டிலேயே ஒரு பிள்ளை அலறியது. இரண்டாவது தட்டில் காம்பரா முழுவதும் எழுந்தது. என் கை மூன்றாவது தட்டுக்கு விரிந்தபடி அப்படியே நின்றது. கலா கியூவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. ஒரு பிள்ளை முழித்தாலும் மேசை போகும் என்று தொரை சொல்லியிருந்தார். இங்கே பிள்ளைகள் எல்லாம் முழித்துவிட்டன, முழிக்க வைத்தவன் நான்.

தொரை யோகராஜைப் பார்த்தார். மேசையை எப்படியாவது மேலே கொண்டுபோக நினைத்த மனிதர். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பந்தால முழிக்கலிங்க, சேர்" என்றார் யோகராஜ். "இந்த ஆளாலதான்."

தொரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹரி. மேசை இங்கயே இருக்கட்டும். இந்த ஆள வெளிய அனுப்புங்க."

கலா கியூவை மேசை மேல் வைத்தாள், அதையும் சத்தமில்லாமல். பிள்ளைகளைத் தூக்கப் போனாள். போகும்போது என் தோளில் ஒரு இடி கொடுத்தாள். அவள் சிரித்ததை நான் பார்த்தேன்.

இப்போது யோகராஜ் மத்தியானத்தில் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து அவளோடு ஆடுகிறார். மெல்ல அடிக்கக் கற்றுக்கொண்டு இருக்கிறார், இன்னும் சரியாக வரவில்லை. எனக்குத்தான் உள்ளே இடமில்லை. தொரையின் உத்தரவு, கலா அதை மாற்றச் சொல்லிக் கேட்கவும் இல்லை. வேலை இல்லாத நாட்களில் நான் வெளியே ஜன்னல் பக்கம் நின்று பார்க்கிறேன். மெல்ரோவின் சத்தம் அங்கே வருவதில்லை, ஜன்னல் உயரம் என்பதால் மேசையும் தெரிவதில்லை. பந்து விழுந்ததா இல்லையா என்பதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.