தாசில்தாரின் பிடரி

ஆகாஷ் விடியுமுன் எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி நிறைந்ததும் நிறுத்தினான். பல் தேய்த்தான். கொல்லையில் கிடந்த குதிரை லத்தியை வாரிக் குழியில் கொட்டினான். இரவு ஊறவைத்த கொள்ளை வேகவைத்து, ஆறவிட்டு, தவிட்டோடு பிசைந்து வைத்தான். காபி போட்டு நின்றபடியே குடித்தான். சட்டையை மாட்டிக்கொண்டு குடிகாட்டில் வேலை பார்த்த கம்பெனியின் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு நடந்தான். ஒரு வருஷமாக இதேதான். மழை பெய்தால் கையில் குடை இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆவணியில் ஒரு காலை, தண்ணீர் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தான். குதிரையின் கழுத்தில் பிடரிமயிரைக் காணோம். அங்கங்கே நாலு இழை தொங்கியது. மற்ற இடமெல்லாம் தோல், தோலில் சிராய்ப்பு. முந்தின நாளும் அப்படித்தான் இருந்திருக்கும். அவன் பார்க்கவில்லை.

குதிரையின் பெயர் தாசில்தார். மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும் என்பதால் எழிலரசி வைத்த பெயர். எழிலரசி ஆகாஷின் மனைவி. அவள் அப்பா தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விட்ட குதிரை அது. அவர் போன பிறகு விற்கக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். போன வருஷம் காய்ச்சலில் அவளும் போய்விட்டாள். செம்மண்டலத்து வாடகை வீட்டிலிருந்து கருமாதிக்காக மாமியார் வீட்டுக்கு வந்த ஆகாஷ் அங்கேயே தங்கிவிட்டான். யாரும் போகச் சொல்லவில்லை. அவனும் போகட்டுமா என்று கேட்கவில்லை. தாசில்தாரும் அவனைத் தவிர வேறு யாரையும் கடிவாளம் மாட்ட விடவில்லை.

மாமியார் தில்லையம்மாள் குதிரையின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"முடி கொட்றதெல்லாம் ஒரு வியாதியா மாப்ள. எழிலுக்கு டைபாய்டு வந்து கொட்னப்ப யாரு வளத்தது? நான்தான?"

சின்ன வெங்காயம், வெந்தயம், செம்பருத்தி இலை எல்லாவற்றையும் அம்மியில் வைத்து அரைத்தாள். கழுத்து முழுக்க அப்பினாள். கொல்லையில் சாம்பார் வாசனை அடித்தது. அவள் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் பக்கத்து வீட்டு மாலதியின் ஆடு, வேலித் திட்டின்மேல் முன்னங்காலை வைத்து எம்பி, செம்பருத்தியை நக்கித் தின்ன ஆரம்பித்திருந்தது. இலையோடு மிச்சமிருந்த நாலு இழையும் போயிற்று.

"ஆட்டுக்கு இனிமே முடி நல்லா வளரும்க்கா," என்றாள் மாலதி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்திலிருந்து சம்பந்தி வந்தார். எழிலரசியின் தம்பி ஹரிஷுக்குத் தை மாதம் கல்யாணம். பெண் சுவாதி. அவள் அப்பா சிற்றம்பலம் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மாப்பிள்ளை ஊர்வலத்தில் தாசில்தார்மேல்தான் வருவேன் என்று ஹரிஷ் சொல்லியிருந்ததால், குதிரையைப் பார்க்க வந்திருந்தார். பார்த்தார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"குதிர நல்லாத்தான் இருக்குது. ஆனா மாப்ள வர்ற குதிர மொட்டையா இருந்தா பாக்குறவங்க என்னா நெனைப்பாங்க? துக்க வீட்லருந்து வந்த மாரி..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"துக்க வீடுதான் சம்பந்தி," என்றாள் தில்லையம்மாள். "டீய குடிங்க, ஆறுது."

ஹரிஷ் பிடிவாதமாக இருந்தான். "அக்கா இருந்தா இது மேலதான் என்ன ஏத்தியிருக்கும். வேற குதிரன்னா நான் நடந்தே வரேன்."

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தைக்குள் முடி வளர்ந்தால் தாசில்தார். இல்லையென்றால் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக் குதிரை.

ஆகாஷ் காலி டீ கிளாஸ்களை எடுத்து அடுக்கினான். உள்ளே ஏதோ இறங்கி லேசானது. தாசில்தார் சிதம்பரம் போனால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அவனும் போக வேண்டும். போகாவிட்டால், குதிரையை யார் பார்ப்பது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடலாம். மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிப்பவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பந்தியில் இரண்டு இலைக்கு நடுவே தனியாக உட்கார வேண்டாம். 'அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரா?' என்று கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்துபவர்களுக்குத் தலையாட்ட வேண்டாம். மொட்டைக் கழுத்து அவனுக்கு நல்ல சாக்கு.

சாக்கு நிலைத்திருக்கும். சத்தம்தான் கெடுத்தது. அந்தி சாய்ந்தால் தாசில்தார் கழுத்தைச் சுவரில் தேய்க்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் கட்டிலில் அவன். தேய்க்கும், நிறுத்தும், மறுபடியும் தேய்க்கும். ஒரு நாள் காலையில் சுவரில் ரத்தம் இருந்தது. அன்று ஆகாஷ் லீவு சொன்னான். எழிலரசி காரியத்துக்குப் பிறகு அவன் போட்ட முதல் லீவு.

மஞ்சக்குப்பத்தில் கால்நடை டாக்டர் புஷ்பவள்ளியின் வீட்டு வாசல்வரை குதிரையை நடத்திக்கொண்டு போனான். அவர் கிட்டே வந்து முகர்ந்தார்.

"என்னா வாசன இது?"

"சின்ன வெங்காயம் டாக்டர்."

"தாளிக்கலயா?"

அவர் தோலைப் பிரித்துப் பார்த்தார்.

"சாயங்காலம் எங்க கட்டுவீங்க?"

"கொல்லையில. பின்னால உப்பனாறு."

"அதான். சேத்துலருந்து பூச்சி வருது. கண்ணுக்கே தெரியாது, அவ்ளோ சின்னது. மத்த குதிரைக்கு ஒண்ணும் பண்ணாது. இவனுக்கு ஒத்துக்கல, கடிச்சா ஒடம்பெல்லாம் அரிக்குது."

"முடி வளர மருந்து?"

"முடிக்கு மருந்து எதுவும் வேணாம். அரிப்ப நிறுத்துங்க, அதுவா வளரும். வேரு சாகல."

புண்ணுக்கு ஒரு களிம்பு கொடுத்தார். பொழுது சாய்வதற்கு முன்னால் உள்ளே கட்டவேண்டும், வெயில் ஏறியபிறகு வெளியே விடவேண்டும். ஃபேன் போடவேண்டும், காற்றில் அந்தப் பூச்சிக்குப் பறக்கத் தெம்பு கிடையாது. கழுத்துக்குத் துணி. சீப்பு பக்கத்திலேயே வரக்கூடாது. வெங்காயமும்.

ஆகாஷ் படகுச் சாமான் கிடந்த கொட்டகையை ஒழித்துத் தாசில்தாரை உள்ளே கட்டினான். தன் அறையிலிருந்த ஸ்டாண்ட் ஃபேனைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் கழுத்துக்கு நேரே வைத்தான். தில்லையம்மாள் ரோஜாப்பூ போட்ட பழைய பெட்ஷீட்டை வெட்டி, நாடா வைத்துத் தைத்துக் கழுத்தில் கட்டினாள்.

மாலதி எட்டிப் பார்த்தாள். "தாசில்தாரு நைட்டி போட்டிருக்காரு."

"மாப்ள வேர்வையில கெடக்குறாரு, தாசில்தாரு ஃபேனுக்குக் கீழ நிக்கிறாரு," என்றாள் தில்லையம்மாள். "கெவுருமெண்டு ஆபீசு மாரியே இருக்குது."

ஐப்பசி மழையில் கரண்டு அடிக்கடி போயிற்று. கரண்டு போன அந்திகளிலெல்லாம் ஆகாஷ் முறத்தை எடுத்துக்கொண்டு குதிரைக்குப் பக்கத்தில் நின்று வீசினான். கை மாற்றிக் கை மாற்றி வீசினான். அதைப் பார்ப்பதற்கென்றே மாலதி குடை பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து நிற்பாள்.

"எங்க வீட்டுக்காரரு கல்யாணமான புதுசுல கூட எனக்கு இப்டி வீசல."

"நீ கழுத்த சொவத்துல தேச்சிருந்தா வீசியிருப்பாரு," என்றாள் தில்லையம்மாள்.

தேய்க்கும் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது. புண் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. கார்த்திகையில் ஒரு நாள் பெட்ஷீட்டைக் கழற்றிக் கழுத்தில் கையை வைத்தபோது உள்ளங்கையில் குத்தியது.

"வருதா?" என்றாள் தில்லையம்மாள்.

"வருது," என்றான், கெட்ட சேதி சொல்பவனைப்போல.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பெட்ஷீட்டை வாங்கி உதறினாள். மாலதிதான் விடவில்லை. "அண்ணன் மூஞ்சப் பாரேன். பரிட்சையில பெயிலான மாரி நிக்கிறாரு."

அதன் பிறகும் முறத்தை அவன் கீழே வைக்கவில்லை. களிம்பைத் தவறவிடவில்லை. தினமும் ஒரு பங்கு முடி வளர்ந்தது, தினமும் அவன் சாக்கு ஒரு பங்கு தேய்ந்தது. தை பிறந்தபோது பிடரி நாலு விரல் உயரத்துக்குக் குச்சி குச்சியாக நட்டுக்கொண்டு நின்றது. மடிந்து விழும் அளவுக்கு இல்லை. ஹரிஷ் வீடியோ காலில் காட்டினான். சிற்றம்பலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னா இது, போலீசு கட்டிங்கா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரி, வரட்டும். மொட்டைன்னு யாரும் சொல்ல முடியாது," என்றார்.

தாசில்தாரைச் சின்ன யானையில் ஏற்றினார்கள். ஊரில் அந்தக் குட்டி லாரிக்கு அதுதான் பெயர். "யானை மேல குதிர போவுது பாருங்க," என்று சொல்லி மாலதி கையசைத்து அனுப்பினாள். குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்தபடி ஆகாஷ் பின்னாலேயே நின்றுகொண்டு போனான். வழியெல்லாம் காற்று.

சிதம்பரத்தில் பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து மேல வீதி மண்டபம்வரை ஊர்வலம். பேண்டு வாத்தியம் ஆயத்தமாக நின்றது. சுவாதியின் சித்தி ஒருத்தி நாலு விரல் பிடரியை மறைக்க மல்லிகைச் சரம் கொண்டுவந்தாள். "வேணாம்மா, அரிக்கும்," என்றான் ஆகாஷ். அவன் கடிவாளம் மாட்டினான். ஹரிஷ் ஏறி உட்கார்ந்தான். ஆகாஷ் கயிற்றை ஹரிஷின் நண்பன் கையில் கொடுத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

பேண்டு ஆரம்பித்தது. தாசில்தார் நகரவில்லை. நண்பன் மூன்று தரம் கூப்பிட்டான். நாலாவது தரமும் கூப்பிட்டான்.

"மாமா, தாசில்தாரு ஸ்ட்ரைக்கு," என்று ஹரிஷ் மேலேயிருந்து குரல் கொடுத்தான்.

தில்லையம்மாள் சுவாதியின் சித்தியிடம் பேசிக்கொண்டிருந்தது வண்டிக்குப் பின்னால் கேட்டது. "எம் பொண்ணு கடேசியா சொன்னதே இதாம்மா. தம்பி கல்யாணத்துல தாசில்தார முன்னால நிறுத்துங்கன்னா. கண்ண மூடிட்டா." சித்தி மூக்கை உறிஞ்சினாள். கருமாதியன்று தில்லையம்மாள் சொன்னபடி எழிலரசியின் கடைசி வார்த்தை 'அம்மாவப் பாத்துக்கங்க' என்று இருந்தது. தீபாவளிக்குள் அது 'தம்பிக்கு நல்ல எடமா பாருங்க' என்று மாறியது. ஆகாஷ் ஒரு தடவையும் மறுத்ததில்லை.

தில்லையம்மாள் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"ஏன் மாப்ள இங்க நிக்கிறீங்க?"

"நான் முன்னால வந்தா நல்லாருக்காது அத்த."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அரமுடி மொளச்சவனே நடுத்தெருவுல நிக்கிறான். உங்களுக்கென்ன, முழுத்தல முடி இருக்குது. அதும் என்னா கோலம் இது, வண்டிக் காத்துல." பையைத் துழாவிச் சீப்பை எடுத்து நீட்டினாள். "போட்டோ எடுக்குறாங்க. வாருங்க."

ஆகாஷ் சீப்பைப் பார்த்தான். சிரித்துவிட்டான். சத்தமாகத்தான். சுவாதியின் சித்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னா சிரிப்பு?"

"நீங்க சொல்றதெல்லாம் அவ சொல்லல அத்த."

"அது எனக்குத் தெரியாதா. நான்தான் அப்ப ஆஸ்பத்திரிக்கு வெளிய இட்லி வாங்கப் போயிருந்தனே." அவள் குரல் இறங்கியது. "கேட்டா நீங்க மொகத்த திருப்பிக்கிறீங்க. எதுனா ஒண்ணு சொல்லியிருப்பான்னு நானே சொல்லிக்கிட்டேன்."

அவன் தலையை வாரினான். சீப்பைத் திருப்பிக் கொடுத்தான். முன்னால் போய் நண்பன் கையிலிருந்து கயிற்றை வாங்கினான். கூப்பிடவில்லை. தாசில்தார் நடந்தது. பிடரி குச்சி குச்சியாக ஆடியது. தெருவோரத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ போட்டோ எடுத்தார்கள். தில்லையம்மாள் அவன் பக்கத்திலேயே வேகவேகமாக நடந்து வந்தாள்.

"என்னதான் சொன்னா மாப்ள?"

பேண்டு சத்தத்தில் கேட்காது என்று அவன் அவள் காதுப்பக்கம் குனிந்தான். ஆஸ்பத்திரியில் டீ வாங்கப் புறப்பட்டபோது, வாசல்வரை போனவனை எழிலரசி கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாள். அவன் டீயோடு திரும்பி வந்தபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது, பிறகு திரும்பவேயில்லை.

"தலைய வாரிக்கிட்டுப் போ மாமா. நர்சுங்கள்ளாம் சிரிக்கிறாங்க."