சேர் அம்புரோஸின் இரண்டாவது ஞானஸ்நானம்

சேர் அம்புரோஸ் வெதர்பி இரண்டு வயதிலேயே செத்துப்போயிருந்தார். அதுதான் வில்லங்கம். இங்கிலாந்தில் ஏதோவொரு மூலைக் கிராமத்துக் கோயில் பதிவில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் இருக்கிறது, பால்குடி மறக்குமுன்னே அடக்கம் பண்ணியதும் இருக்கிறது. அப்படியென்றால் முப்பது வருடம் கழித்து ஜேம்ஸ் அரசருக்கு முன்னால் முழங்காலில் நின்று, தோளில் வாள் தொட்டு 'சேர்' பட்டம் வாங்கியது யார்? நம்முடைய ஊரில் பள்ளிக்கூட வாத்தியாரும் சேர்தான், அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கரும் சேர்தான். வாளும் தேவையில்லை, முழங்காலும் தேவையில்லை. அங்கே அப்படிச் சும்மா கிடைத்துவிடாது.

அந்த சேரின் வழியில் வந்தவர் என்று இத்தனை நாளும் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த மிஸ்டர் வெதர்பி, சிட்னியில் பென்டில் ஹில் பக்கத்து நூலகமொன்றில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். எதிரே அஞ்சலீனா. குடும்ப வரலாறு தேடி வருகிறவர்களுக்குப் பழைய பதிவுகளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவளுடைய வேலை. மன்னார்க்காரி, கிரவீனில் வீடு, கெட்டிக்காரி. வாய்தான் கொஞ்சம் நீளம்.

"என் முப்பாட்டன் ஒரு திருடன்" என்றார் வெதர்பி. "செத்த குழந்தையின் பெயரைத் திருடியவன்."

அவர் ஆங்கிலத்தில் சொன்னார். ஓய்வு பெறும்வரை குடிவரவுத் திணைக்களத்தில் இருந்தவர். அகதிகளாக வந்தவர்களின் கதையில் எந்த இடம் பொய் என்று பிடிப்பதே அவருக்கு உத்தியோகம். அதை அறிந்த நாளிலிருந்து அஞ்சலீனா அவரோடு அளந்துதான் பேசுவாள். ஆனால் அன்றைக்கு அந்தக் கிழவரின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புதிர் வேறு அவளை விடவில்லை.

"அப்படி இருக்கத் தேவையில்லை" என்றாள். "எங்கள் பக்கமும் இது உண்டு. ஒரு பிள்ளை தவறினால் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். என் சித்தப்பா இரண்டாவது சவிரிமுத்து. இரண்டாவது ஞானஸ்நானத்தைத் தேடிப் பாருங்கள்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"இருந்தால் அவர் உங்கள் ஆள்தான். இல்லாவிட்டால், வேறு யாரோ செத்த பிள்ளையின் பெயரில் வாழ்ந்திருக்கிறான்."

சொன்ன பிறகுதான் சொந்த வீட்டு நினைப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஏனென்றால் அவளுடைய புருஷன் எறிக் சுவாம்பிள்ளை, எறிக் இல்லை. எறிக் அவனுடைய தமையன். காய்ச்சலில் இரண்டு வயதில் போனவன். அடுத்துப் பிறந்தவனுக்குத் தாய் கிறிஸ்ரியன் என்றுதான் பெயர் வைத்தாள். சண்டைக் காலத்தில் ஒருதரம் பிடிபட்டு வெளியே வந்த கிறிஸ்ரியனின் பெயர் ஆமிக்காரரின் பட்டியலில் ஏறிவிட்டது. அந்தப் பெயரில் பாஸ்போட் எடுத்தால் விமான நிலையத்தோடு கதை முடிந்திருக்கும். தாய் பெட்டிக்குள் வைத்திருந்த மூத்தவனின் பிறப்புச் சான்றிதழை எடுத்து இவனுடைய கையில் கொடுத்தாள். எறிக்காக வந்தான், எறிக்காகக் குடியுரிமை எடுத்தான், எறிக்காகத் தாலி கட்டினான். வீட்டுக்குள் மட்டும் கிறிஸ்ரி.

ஒரு கிழமையில் வெதர்பி பூரித்துப்போய் வந்தார். இரண்டாவது ஞானஸ்நானம் அகப்பட்டுவிட்டது. இரண்டாவது அம்புரோஸ், அதே தாய் தகப்பன். சேர் பிழைத்தார், குடும்ப மானமும் பிழைத்தது.

"இதற்குக் கைம்மாறாக உங்கள் கணவரின் குடும்ப வரைபடத்தை நான் செய்து தரப்போகிறேன்" என்றார்.

"வேண்டாம்" என்றாள் அஞ்சலீனா.

வெதர்பி சிரித்தார். தேநீர் வேண்டுமா என்று கேட்டால் எங்கள் ஆட்கள் முதல்தரம் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அதை நம்பக்கூடாது என்று ஒருநாள் அவளேதான் பகிடியாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மனுஷன் மறக்கவில்லை. இவள் எத்தனைதரம் வேண்டாம் என்றாலும் அது அவருக்கு மரியாதையாகத்தான் கேட்டது.

அன்று பின்னேரம் குசினிக்குள் கிறிஸ்ரி கோப்பை கழுவிக்கொண்டு நின்றான். நடந்ததைச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்.

"இஞ்சேரப்பா, அண்ணையின்ர கல்லறைக் கல்லில என்ன எழுதிக் கிடக்கு?"

"பேர். அப்பாவின்ர பேர். பிறந்த திகதி, செத்த திகதி. தமிழிலயும் இங்கிலீசிலயும்."

"இங்கிலீசில ஆர் போடச் சொன்னது?"

"நான்தான். வெளிநாட்டில இருக்கிற தம்பி போட்ட கல்லெண்டு நாலு பேருக்குத் தெரியட்டுமெண்டு."

அந்தக் கல் போன கார்த்திகையில், ஆத்துமாக்கள் திருநாளுக்கு வைத்தது. அதுவரை வெறும் மரச் சிலுவைதான். நல்ல கறுப்புக் கல்லாகப் போட்டால் தமையனுக்குப் பட்ட கடன் தீர்ந்துவிடும் என்று கிறிஸ்ரி நினைத்தான். பாஸ்போட்டில் இருக்கிற பெயரையும் பிறந்த நாளையும் அப்படியே கல்லில் வெட்டுவித்து, ஊர்ச் சேமக்காலையில் தமையனின் குழிக்கு மேலே நட்டுவைத்துவிட்டு இங்கே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான். இப்படியும் ஒரு புத்திசாலி உண்டா?

"அதைப் பிடுங்கச் சொல்லுங்கோ" என்றாள்.

"அவன்ர பேரைப் பறிச்சுக்கொண்டு வந்தனான். இப்ப கல்லையும் பறிக்கச் சொல்லுறீர்."

"டிலக்சிக்கு இப்பதான் யூனிவேசிற்றி கிடைச்சிருக்கு. தகப்பன்ர சிற்றிசன்சிப் பொய்யெண்டு வந்தா அந்தப் பிள்ளை என்னெண்டு தலை நிமிர்த்திப் போறது? உங்களைத் திருப்பி அனுப்பினா நான் என்ன செய்யிறது? எனக்குப் பயமாக் கிடக்கப்பா."

அவன் குழாயைப் பூட்டினான். ஈரக் கையோடு போனை எடுத்து ஊரிலிருக்கும் மச்சானைக் கூப்பிட்டான். மறுநாள் கல்லைப் பிடுங்கி மச்சான் வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள் குப்புறப் போட்டாகிவிட்டது. அந்தச் செய்தி வந்ததும் கிறிஸ்ரி காருக்குள் போய் இருந்து அழுதான். அவள் கண்டும் காணாததுபோல் இருந்தாள். அதற்குப் பிறகு வாசலில் யாராவது மணி அடித்தால் அவள் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். ஆனாலும் கல் போய்விட்டதே என்று ஒரு சின்ன ஆறுதல்.

அடுத்த கிழமை வெதர்பி வந்தபோது நூலகம் மூடுகிற நேரம். கையில் சுருட்டிய பெரிய தாளொன்று. மேசையில் விரித்தார். அழகான வரைபடம், கோடு போட்டுக் கட்டம் கட்டமாக. மேலே ஒரு படத்தை வைத்தார். கறுப்புக் கல்.

"உலகத்துக் கல்லறைகளையெல்லாம் படம் பிடித்துப் போடுகிற தளம் ஒன்று உண்டு" என்றார். "பண்டிகைக்கு வந்த யாரோ எடுத்திருக்கிறார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது, அஞ்சலீனா. உங்கள் கணவரின் பெயர், தகப்பன் பெயர். பிறந்த நாளும் அதே. ஐம்பதாவது பிறந்தநாள் என்று நீங்கள் இங்கே கேக் கொண்டுவந்தீர்களே, அந்த நாள்."

அவள் அந்தப் படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"பிறகுதான் நீங்கள் சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது. செத்த பிள்ளையின் பெயர் அடுத்த பிள்ளைக்கு! கல் வெட்டியவன் திகதியை மாறி வெட்டியிருப்பான்."

"ஓம்" என்றாள். தமிழில் வந்துவிட்டது. "அப்படித்தான்."

"நானும் அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் சொன்ன முறைப்படியே இரண்டாவது ஞானஸ்நானம் கேட்டுப் பங்குத் தந்தைக்கு எழுதினேன். நல்ல மனிதர், உடனே பதில் போட்டார்." வெதர்பியின் குரலில் சிரிப்பு மெல்ல வற்றியது. "இரண்டாவது எறிக் என்று யாருமே இல்லையாம். அடுத்த பிள்ளையும் ஆண்தானாம், வேறு பெயராம். உயிரோடு இருக்கக்கூடியவரின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறார். இன்னொன்றும் எழுதியிருக்கிறார். கல்லைப் பார்க்கப் போனாராம். போன கிழமை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். ஒரு குழந்தையின் கல்லை யார் பிடுங்குவார்கள், அஞ்சலீனா?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. எத்தனையோ பேரை எதிரே இருத்தி இப்படித்தானே கேட்டிருப்பார். வரைபடத்தில் சுவாம்பிள்ளைக்குக் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் எறிக் என்று எழுதி, பக்கத்தில் சின்னச் சிலுவை. மற்றது வெறுமையாக இருந்தது.

"அந்த இரண்டாவது பையனின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றால் பொய், தெரியும் என்றால் குடி முழுகிவிடும். அந்த நேரம் பார்த்து மேசையில் போன் அடித்தது. வேலை முடிகிற நேரத்துக்கு புருஷன் வந்து காரை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவது வழக்கம். கடவுளே வழிவிட்டதுபோல் அவள் போனைப் பாய்ந்து எடுத்தாள். அந்தக் கண்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"ஓம் கிறிஸ்ரி, வாறன். நில்லுங்கோ, இந்தா வாறன்."

இருபது வருடப் பழக்கம். சொன்னது அவளுக்கே முதலில் உறைக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது வெதர்பி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலை அந்த வெறும் கட்டத்துக்கு மேலே பிடித்தபடி இருந்தார்.

"கிறிஸ்ரி" என்று ஒருதரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "எழுதும்போது இது 'சீ' எழுத்தில் தொடங்குமா, 'கே'யிலா?"