எந்த வூட்டு ரத்தம்

எங்கூட்டுக்காரருக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்து நாலு நாளாச்சு. நேரத்துல பாத்திருந்தா எடுக்காமயே இருந்திருக்கலாம். அதை நெனைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது.

எங்கப்பனுக்குச் சர்க்கரை. கம்பைநல்லூருக்கே தெரியும். தெரியாதவங்களுக்கு எங்க மாமியா குள்ளம்மா சொல்லிக் குடுத்திருக்கும். விசேசத்துல நான் ஒரு லட்டை எடுத்தாப் போதும், "உங்க வம்சத்து நோவு, பாத்துத் தின்னு"ன்னு பந்தி பூரா கேக்கறாப்புல சொல்லும். ஊருக்குள்ள ரத்தம் பாக்க நர்சம்மா வந்தா என்னையும் எம்பொண்ணு கலைமதியையும் முதல்ல தள்ளிவிடும். வருசா வருசம் குத்திக்கிட்டு வருவோம். ஒண்ணுமில்லம்பாங்க.

எங்கூட்டுக்காரரு பூவரசன் மட்டும் வெரலைக் காட்ட மாட்டாரு. "எங்க வம்சத்துல அதெல்லாம் கிடையாதுங்க"ன்னு நர்சம்மாவை அனுப்பிருவாரு. சொம்பு சொம்பா தண்ணி குடிப்பாரு, நாளுக்கு நாள் எளைச்சாரு. "ஏனுங்க, ஒருதரம் பாத்துக்கங்களேன்"ன்னு கெஞ்சுனேன். "உங்கப்பன் நோவை எந்தலையில கட்டப் பாக்கறியா?"ன்னாரு.

போன மாசம் குச்சிக்கிழங்குக் காட்டுல கால்ல முள்ளு ஏறுச்சு. ஏறுனதே அவருக்குத் தெரியல. செருப்புல ரத்தத்தைப் பாத்து நாந்தான் சொன்னேன். அம்மாவும் புள்ளையும் மஞ்சளை அரைச்சுப் பத்துப் போட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு தொண்டை கிழியக் கத்துனேன். பாதம் கறுத்து நாத்தம் வந்தப்புறந்தான் தர்மபுரிக்கு வண்டி ஏறுனோம்.

இன்னிக்குக் காலையில வார்டுக்கு வந்த டாக்டரம்மா, "குடும்பத்துல வேற யாருக்காச்சும் சர்க்கரை இருக்கா?"ன்னு கேட்டாங்க.

மாமியா முந்திக்கிச்சு. "எங்கூட்ல யாருக்குமே இல்லைங்க. இவ அப்பனுக்குத்தான்."

"அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"எங்கண்ணனுங்க. கூடப்பொறந்தவன்."

ஆமா, நான் அத்தை மகனைக் கட்டுனவ. டாக்டரம்மா எழுதறதை நிறுத்திட்டாங்க. "அப்ப அது உங்க ரத்தமுந்தானேம்மா? உங்க பையனுக்கும் அதுதானே?"

"அதெப்படிங்க? தாலி ஏறுன அன்னிக்கே நான் எங்கூட்டுக்காரரு குலத்துக்கு வந்துட்டேன். கும்புடற சாமியே மாறிப்போச்சு, ரத்தம் மாறாதா?"

அடக் கடவுளே! எனக்குந்தான் அதே குலத்துல தாலி ஏறுச்சு. எனக்கு மட்டும் ஏன் மாறல? பதினெட்டு வருசமா இந்தக் கேள்வி கேக்கத் தோணாத எம்புத்தியைச் செருப்பாலயே அடிக்கணும்.

மாமியா கையைப் புடிச்சு இழுத்து, டாக்டரம்மா கூட வந்திருந்த நர்சுகிட்ட நீட்டி, "இதுக்கும் குத்துங்க நர்சம்மா"ன்னேன். திமிறுச்சு. விடல. முந்நூத்தி எம்பதுன்னு காட்டுச்சு மெசினு.

மாமியா மெசினைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. அப்புறம் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதுச்சு. "பாத்தியாடா பூவரசா? இத்தனை வருசமா இவ கையால சோறு தின்னோம். எனக்கும் ஒட்டிக்கிச்சுடா."

கட்டுப்போட்ட காலோட படுத்திருந்த மனுசன், ஆமான்னு தலையாட்டுனாரு.